லேண்ட் ரோவரின் அடிவயிறு

மலேசியாவின் பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் எல்லைகளை ஒட்டி அமைந்த கேமரன் மலையில், இங்கிலாந்தில் பழம்பொருளாகப் போற்றப்படும் வயதுடைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் அன்றாட உழைப்பில் இருக்கின்றன. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் குறித்துச் சென்ற இம்மேட்டுநிலத்தில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தையும், 1933இல் பாரத் நிறுவனத்தார் தம் தோட்டத்தையும் தொடங்கியபின், சரிவுகளெங்கும் தேயிலைச் செடிகளும் அவற்றினூடே வளைந்து செல்லும் மண்பாதைகளும் உருவாயின. மழை பெய்தால் சோப்புக் கட்டியைப் போல் வழுக்கும் அப்பாதைகளில் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டிக்கே வேலை உண்டு என்பதால், 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, அதே ஆண்டில் தொடங்கி 1960 வரை நீண்ட மலாயா அவசரகாலத்தில் படையினரின் வாகனமாகவும் இந்நாட்டுக்குப் பழகிப்போன லேண்ட் ரோவர், தோட்டத்துக்கும் காய்கறிப் பண்ணைக்கும் உரிய வண்டியாக இம்மலையில் நிலைத்துவிட்டது.

அலுமினியக் கலவையால் ஆன அதன் மேலுடல் எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆகையால் ஐம்பது ஆண்டு உழைத்த வண்டிக்கும் ஒரு வாளி பெயின்ட் இளமைத் தோற்றத்தைத் தந்துவிடும். பழைய வண்டி வாங்குவோர் ஏமாறும் இடமும் இதுவே. வண்டியின் வயதும் அது பட்ட பாடும் மேலே தெரிவதில்லை. எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் உறுப்புகள் வரிசையாகத் தொங்கும் அடிவயிற்றில்தான் தெரிகின்றன. செயல்திறன் மிக்க கார் என்றால் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடுவது என்று நகரத்தார் கொள்வர்; முட்டைக்கோஸ் மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சேற்றுச் சரிவில் ஏறுவதையே செயல்திறன் என்று கொள்ளும் இம்மலையிலும், பட்டறை மேடையில் குனிந்து பார்க்க வேண்டிய உறுப்புகள் பெரும்பாலும் வேகக் காரில் பார்ப்பவையே.

அந்த வரிசையை முன்னிருந்து பின்னாக அறிந்துகொள்வது தேவை. எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டிக்குள் நுழைகிறது. 1958 முதல் 1985 வரை வெளிவந்த இரண்டாம், மூன்றாம் வரிசை லேண்ட் ரோவர்களில் அப்பெட்டிக்கு முன்னோக்கிய கியர்கள் நான்கு. அதன் பின்னே ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பகிர்வுப் பெட்டி, சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்குமாகப் பிரித்துத் தருவதோடு, செங்குத்தான ஏற்றத்துக்கென வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் தாழ்நிலை ஒன்றையும் கொண்டிருக்கிறது. அங்கிருந்து முன்னும் பின்னும் புறப்படும் இரண்டு புரொபெல்லர் தண்டுகள் அச்சுகளின் நடுவே பானைபோல் புடைத்திருக்கும் டிபரன்சியலை அடைகின்றன. திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி அது. டிபரன்சியலிலிருந்து இருபுறமும் நீளும் ஆக்ஸில் தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. இத்தனை உறுப்புகளும் ஒன்றையொன்று பற்றி நிற்பதால், ஓர் இடத்தில் உண்டான தேய்வு வேறோர் இடத்தில் ஓசையாகக் கேட்கும் என்பதே நோயறியும் வேலையின் முதல் சிக்கல்.

வண்டிக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அழுக்கு. தோட்டத்தில் உழைத்த வண்டியின் அடிப்பகுதியில் செம்மண் அப்பியிருப்பதும் அதன்மேல் எண்ணெய் கசிந்து கறுத்திருப்பதும் இயல்பு. விற்பனைக்கு முந்தின நாள் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவித் துடைத்த அடிவயிறு, அழுக்கோடு சேர்த்து அடையாளங்களையும் போக்கிவிடுகிறது. பழைய லேண்ட் ரோவரில் எண்ணெய் ஒழுகாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள் என்பது அவ்வண்டிக்காரர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் கேலி; அதில் உண்மையும் இருக்கிறது. முழுக்க உலர்ந்து கிடக்கும் டிபரன்சியலைக் கண்டு மகிழ்வதற்கு முன், அதன் பக்கவாட்டிலுள்ள நிரப்புத் திருகைக் கழற்றி விரலை உள்ளே விட்டுப் பார்ப்பது நல்லது. எண்ணெய் அத்துளையின் விளிம்புவரை நிற்க வேண்டும்.

ஒழுகும் எண்ணெய் எது என்பதும் எங்கிருந்து வருகிறது என்பதும் வேறுவேறு கேள்விகள். கியர் எண்ணெயில் பற்களின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகச் சேர்மங்கள் கலக்கப்படுவதால், விரலில் தொட்டு முகர்ந்தாலே அழுகிய முட்டையை நினைவூட்டும் வாடை வரும். எஞ்சின் எண்ணெயில் அந்த வாடை இராது. கிளட்சை மூடியிருக்கும் மணிவடிவக் கூட்டின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. அதிலிருந்து சொட்டுவது கந்தக வாடையுடைய எண்ணெயானால் கியர் பெட்டியின் முன்பக்க ஆயில் சீலும், வாடையற்றதானால் எஞ்சினின் பின்பக்கச் சீலும் கெட்டிருக்கும். ஆற்றைக் கடக்கும்போது அத்துளையை அடைக்கும் திருகு ஒன்றும் தரப்பட்டிருக்கிறது. அதைத் திருகியே வைத்திருக்கும் வண்டியில் எண்ணெய் சொட்டாது, உள்ளே தேங்கிக் கிளட்சை வழுக்கச் செய்யும். துளை அடைபட்டிருப்பது மறதியாலா, மறைக்கவா என்பது விற்பவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

அச்சுகளின் மேல் குமிழ்போல் நிற்கும் மூச்சுக்குழாய் பலரும் பார்க்காமல் விடும் பொருள். ஓட்டத்தில் சூடேறும் அச்சினுள் காற்று விரியும்போது அது வெளியேறும் வழி அதுதான். சேறு அடைத்துவிட்டால் விரிந்த காற்று சீல்களின் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளும். சூடான அச்சு குளிர்ந்த ஓடைநீரில் திடீரென இறங்கினாலோ, உள்ளே சுருங்கும் காற்று அதே உதட்டின் வழியே நீரை உறிஞ்சும். சீல் மாற்றி மாற்றிச் சலித்த வண்டிகளில் ஒருசிலவற்றுக்கு வேண்டியிருந்தது குமிழைத் துடைக்கும் ஒரு துணி மட்டுமே.

உறிஞ்சிய நீரின் விளைவு டிபரன்சியலின் அடித்திருகைக் கழற்றும்போது வெளிப்படும். நல்ல எண்ணெய் கறுத்திருந்தாலும் ஒளி ஊடுருவும். நீர் கலந்த எண்ணெய் பால்விட்ட காப்பியின் நிறத்தில் கலங்கி இறங்கும். இறங்கும் எண்ணெயை வெள்ளைத் தட்டில் பிடித்து, அதில் ஒரு காந்தத்தை மெல்ல உலாவவிட்டால், அதன் முனையில் திருநீற்றைக் குழைத்ததுபோல் சாம்பல் நிறப் பசை ஒட்டும். பற்கள் உரசி ஓடுவதால் உண்டாகும் நுண்துகள் அது. விரலிடையில் தேய்த்தால் வழவழப்பாக இருக்குமானால் கவலையில்லை. நெருடுமானால், அல்லது மீன்செதில்போல் பளபளக்கும் சில்லுகள் தென்படுமானால், பல்லின் கடினமான மேல்தோல் உரியத் தொடங்கிவிட்டது. முனை ஒடிந்த பல்லின் துண்டே தட்டில் விழுவதும் உண்டு. அதற்குப்பின் அந்த டிபரன்சியலைப் பற்றிப் பேரம் பேச எதுவும் இல்லை.

அடுத்து வருவது பட்டறைக்காரர்கள் ‘ஆட்டம்’ என்னும் தளர்ச்சி. ஒரு பல்சக்கரம் இன்னொன்றைத் தள்ளுமுன் வெறுமனே நகரும் இடைவெளியே ஆட்டம். கிளட்சை விட்டதும் அடியில் ‘டொக்’ என்று ஓர் ஓசை எழும். ஓட்டுநரின் காதுக்கு அது ஒரே ஓசை. ஆனால் பகிர்வுப் பெட்டியின் பற்களில் கொஞ்சம், புரொபெல்லர் தண்டின் இருமுனை மூட்டுகளில் கொஞ்சம், டிபரன்சியலில் கொஞ்சம், ஆக்ஸில் தண்டின் வரிப்பற்களில் கொஞ்சம் எனச் சிறுசிறு தளர்ச்சிகளின் கூட்டுத்தொகை அது. ஓசையைக் கேட்டவுடன் டிபரன்சியலை மாற்றச் சொல்லும் பட்டறைகள் தவறிழைப்பது இங்கேதான். கூட்டுத்தொகையைத் தனித்தனியாகப் பிரித்தறிவதற்குமுன் எந்த உறுப்பின்மேலும் பழி போடுவது முறையாகாது.

பிரித்தறிவதற்குச் சுண்ணக்கட்டியும் வெறுங்கையும் போதும். சமதளத்தில் நான்கு சக்கரங்களுக்கும் முட்டுக் கொடுத்து, கியரை நடுநிலையில் வைத்துக் கை பிரேக்கைத் தளர்த்தியபின், அடியில் படுத்துப் புரொபெல்லர் தண்டை இருகைகளாலும் பற்றி இடவலமாகத் திருகினால், சிறிது தூரம் எதிர்ப்பின்றி நகர்ந்து பல்லில் பல் முட்டும் உணர்வு கைக்குத் தெரியும். தண்டின் விளிம்பிலும் டிபரன்சியல் கூட்டிலும் நேருக்குநேர் சுண்ணக்கோடு இழுத்துவைத்தால், அந்நகர்வைக் கண்ணாலும் அளக்கலாம். இவ்வண்டிகளில் சக்கரம் ஒருமுறை சுற்றத் தண்டு 4.7 முறை சுற்றுவதால், சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் தண்டில் பெருகித் தெரியும் என்பது சோதிப்பவருக்குச் சாதகம். அதே நிலையில் ஒரு கையால் மூட்டின் முன்பாதியையும் மறுகையால் பின்பாதியையும் பற்றி எதிரெதிராகத் திருகும்போது, மூட்டில் மயிரிழை நகர்வுகூட இருத்தலாகாது.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘கிராஸ்’ என்று வழங்கும் இம்மூட்டு, சிலுவை வடிவ இரும்பின் நான்கு முனைகளிலும் ஊசிபோன்ற உருளைகளைக் கொண்ட பேரிங்குகளைப் பொருத்தியது. கிரீஸ் வற்றினால் ஊசிகள் சிலுவையில் பள்ளம் பதிக்கும். அரைபட்ட இரும்பு ஈரத்தோடு கலந்து, மிளகாய்த்தூளை ஊதியதுபோல் மூட்டைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடியாகப் படியும். அப்பொடியைக் கண்டால் திருகிப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. மெதுவாக உருளும் வண்டியின் அடியில் குருவி கத்துவதுபோல் கீச்சொலி கேட்பதும் இதன் அறிகுறியே. தண்டு நீளவும் குறுகவும் இடங்கொடுக்கும் நடு இணைப்பைக் கழற்றி மாட்டியவர் கவனக்குறைவாக ஒரு பல் தள்ளிப் பொருத்தியிருந்தால், இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் நில்லாமல் முறுகியிருக்கும். மூட்டுகள் புதியவையாக இருந்தும் வண்டி குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வதற்கு அதுவே காரணமாகலாம். பணம் செலவழித்துப் பழுதை உண்டாக்கிக்கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஓட்டிப் பார்க்கும்போது எழும் ஓசைகளைப் பகுத்தறிய மலையே துணை செய்கிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பாதையில், ஏறும்போது பற்களின் ஒரு முகமும், இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் மறுமுகமும் சுமையைத் தாங்குகின்றன. சமவெளி வண்டியின் பல்லில் மறுமுகம் பெரும்பாலும் ஓய்விலேயே இருக்கும். மலை வண்டியில் இரு முகங்களும் ஏறத்தாழச் சம உழைப்பாளிகள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் எழும் ஊளை ஒரு முகத்தின் தேய்வையும், காலை எடுத்தபின் மட்டும் எழுவது மறுமுகத்தையோ டிபரன்சியலுக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்லும் பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தின் பேரிங் தளர்ச்சியையோ சுட்டும். இரண்டு நிலையிலும் மாறாமல் ஒலிப்பது பெரும்பாலும் சக்கரப் பேரிங் அல்லது டயரின் பூ. இறக்கத்தில் காலை எடுத்தவுடன் கியர் தானே நழுவி நடுநிலைக்கு வந்துவிடும் வண்டி, மலைக்கு ஆகவே ஆகாது. பிரேக்கைவிட எஞ்சினையே நம்பி இறங்க வேண்டிய பாதையில் அந்தப் பிடி பாதி வழியில் கைவிட்டுவிடும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கே உரிய நோய் ஒன்றும் உண்டு. பழைய வரிசை லேண்ட் ரோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் அச்சும் பின் அச்சும் நடுவே டிபரன்சியல் ஏதுமின்றி இறுகப் பிணைக்கப்படுகின்றன. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வளைவில் செல்வதால் ஏற்படும் வேறுபாட்டை மண்பாதையில் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால், அவ்வேறுபாடு தண்டுகளில் முறுக்கமாக ஏறிச் சேர்ந்துகொண்டே போகும். தோட்டத்து மண்ணிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியபின் குமிழை விடுவிக்க மறப்பது மிக எளிது. முறுக்கம் ஏறிய பகிர்வுப் பெட்டியில் அவ்வியக்கத்தை விடுவிக்கும் கம்பி அசைய மறுக்கும். வண்டியைச் சிறிது தூரம் பின்னோக்கி உருட்டினால் இளகும். முன்னும் பின்னும் அளவு வேறான டயர்கள் மாட்டியிருந்தால், நேர்ப்பாதையிலேயே இம்முறுக்கம் ஏறும் என்பதால், வாங்குவோர் டயர்களின் தேய்வை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அடிவயிற்றுச் சோதனையைச் சேர்ந்ததே.

வேகக் கார்களில் இதே நோய் வேறு வேடத்தில் வருகிறது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், சுபாரு இம்ப்ரெசா போன்ற ராலி வழிவந்த கார்களுக்கு மலேசியாவில் தனி ஈர்ப்பு உண்டு. எவல்யூஷனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் பெர்ட் காரை ஓட்டிக் கரம்ஜிட் சிங் 2002இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி வாகையைச் சூடியது இந்நாட்டு மோட்டார் பந்தயத்தின் பெருமை. இத்தகைய கார்களில் முன்பின் அச்சுகளுக்கு இடையே நடு டிபரன்சியல் இருப்பதால் தார்ச்சாலையில் முறுக்கம் ஏறாது. ஆனால் பல இம்ப்ரெசாக்களில் அதனைக் கட்டுப்படுத்தும் பிசுபிசுப்பான திரவப் பிணைப்பு கெட்டு இறுகிவிட்டால், நன்கு ஓடிச் சூடேறிய கார், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடிக்கையில் யாரோ பிடித்து இழுப்பதுபோல் தயங்கித் தயங்கி நகரும். குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்து வாங்கியவருக்கு அது தெரியவராது. சமவெளிச் சந்தையில் விலை பேசுவதைவிட மலை ஏறி வந்த காரைச் சூட்டோடு சோதிப்பது மேல் என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான்.

மலேசியாவில் உரிமை மாற்றத்துக்கு முன் நடைபெறும் அரசு விதித்த பரிசோதனை, வண்டி எண், எஞ்சின் எண் முதலியவற்றின் மெய்ம்மையை உறுதிசெய்யும். டிபரன்சியல் பல்லின் தேய்வை அது சொல்லும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. சேஸிஸ் எனப்படும் எஃகுச் சட்டத்தையும் வாங்குவோரே தட்டிப் பார்க்க வேண்டும். பெட்டிபோல் உள்ளீடற்ற அச்சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. உரமூட்டை சுமந்த வண்டியில் சிந்திய உப்பு அதனை விரைவுபடுத்தும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் பழுத்த பலாவைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும்.

எல்லாவற்றிலும் நுட்பமாக ஒளிந்துகொள்ளும் பழுது பின் ஆக்ஸில் தண்டின் ஒடிவு. இரண்டாம், மூன்றாம் வரிசையின் குட்டை வண்டிகளில் இத்தண்டு பலவீனமான உறுப்பு என்பது உலகெங்கும் தெரிந்த செய்தி. ஒன்று ஒடிந்தால், டிபரன்சியல் தன் சுழற்சி முழுவதையும் எதிர்ப்பற்ற அப்பக்கத்துக்கே கொடுத்துவிடுவதால், பின்சக்கரங்கள் இரண்டும் செயலிழக்கும். ஆனால் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்கள் வண்டியை இழுத்துச் செல்லும். காட்டுப்பாதையில் மாட்டிக்கொண்டவருக்கு இது வரப்பிரசாதம். விற்பவர் கையில் இதுவே திரை. நான்கு சக்கர இயக்கத்திலேயே ஓட்டிக் காட்டப்படும் வண்டியில் ஒடிந்த தண்டு தன்னைக் காட்டிக்கொள்ளாது.

அதைவிட ஆபத்தானது கை பிரேக் தொடர்பானது. இவ்வண்டிகளில் கை பிரேக் சக்கரங்களில் இல்லை. பகிர்வுப் பெட்டியின் பின்னே, புரொபெல்லர் தண்டின் தலையில் ஒரு டிரம்மாக அமர்ந்து தண்டையே இறுக்குகிறது. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளிலும் அமைப்பு இதுவே. பின் ஆக்ஸில் தண்டு ஒடிந்திருந்தால், இறுக்கப்பட்ட புரொபெல்லர் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே தொடர்பு அறுந்திருப்பதால், கை பிரேக் முழுப்பலத்தோடு பிடித்திருந்தும் வண்டி உருளும். குமிழ் அழுத்தப்பட்டிருக்கும்வரை முன் அச்சு பிடித்து நிறுத்தும். வாங்கியவர் வீட்டுக்குப்போய்க் குமிழை விடுவித்து, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் போன்ற சரிவில் நிறுத்திவிட்டு இறங்கினால் பிடிக்க எதுவுமில்லை. ஜாக்கியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கும்போதும் இதே நிலை என்பதால்தான் முட்டுக்கட்டை இன்றி அடியில் நுழையலாகாது என்ற விதி இவ்வண்டிக்கு இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

ஆகவே சமதளத்தில் நான்கு சக்கர இயக்கத்தை விடுவித்து, பின்சக்கரங்களால் மட்டும் வண்டி நகர்கிறதா என்று பார்த்தபின், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தண்டையே உருவிப் பார்க்கலாம். வண்டியின் எடையை அச்சுக்கூடு தாங்குவதால், சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை, ஜாக்கியும் வேண்டியதில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றி இழுத்தால் எண்ணெய் வழிய நீண்ட தண்டு கையோடு வரும். அதன் உள்முனையில் வெட்டப்பட்டிருக்கும் வரிப்பற்கள் தண்டின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். அளவுக்கு மீறிய சுமையில் கிளட்சைச் சடாரென விட்டுப் பழகிய வண்டியில், அவை நேராக இல்லாமல், கயிற்றின் புரிபோல் ஒருபுறமாகச் சாய்ந்து முறுகியிருக்கும். தண்டு இன்னும் ஒடியவில்லை, ஓசையும் எழுப்பவில்லை. ஆனால் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது.